இ.வி. கார் வாங்கப் போறீங்களா? கம்பெனி பேரை ஓரமா வச்சுட்டு உங்க கிலோமீட்டரை எடுங்க



போன மாசம் ஒரு சப்ஸ்க்ரைபர்கிட்ட இருந்து மெயில் வந்தது. வயசு 27. சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி. வேலை. கைக்கு வர்ற சம்பளம் 78,000. ஒரு எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி.க்கு 21,000 ரூபாய் கட்டி புக் பண்ணிட்டார். ஆன்ரோடு விலை 15 லட்சம். 3 லட்சம் முன்பணம், மீதி 12 லட்சத்துக்கு ஏழு வருஷ லோன். பேங்க் அப்ரூவலும் வந்தாச்சு. "சார், டெலிவரிக்கு முன்னாடி ஒரு தடவை உங்ககிட்ட கேட்டுடலாம்னு தோணுச்சு" என்று எழுதியிருந்தார்.

அந்த 3 லட்சம் எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வச்சிருக்கிற 6 லட்சத்துல இருந்து. கல்யாணம் வர்ற தை மாசம்.

சரி, ஏன் இந்தக் கார்? இதுக்கு அவர் நாலு பாரா எழுதியிருந்தார். அந்தக் கம்பெனி எவ்வளவு இன்னோவேட்டிவ், சாஃப்ட்வேர் அப்டேட் எப்படி வருது, ஸ்க்ரீன் எவ்வளவு பெருசு, எதிர்காலமே அவங்க கையிலதான் இருக்கு, இப்படி. ஆனா மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவார்னு அந்த நாலு பாராவுல ஒரு வரி இல்லை. நான் கேட்ட பிறகுதான் யோசிச்சுச் சொன்னார்: ஆபீஸுக்கு ஸ்கூட்டர்தான் போவேன், வார இறுதிக்கும் மாசம் ஒரு தடவை ஊருக்குப் போறதுக்கும்தான் கார், 500 கிலோமீட்டர் வரும்.

இந்தப் பதிவு அவருக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்குதான். வீடியோவுல நம்பர் எல்லாம் வேகமா ஓடிடுது, எழுத்துல கொடுங்கன்னு பலர் கேட்டீங்க. கால்குலேட்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க. கணக்குக்கு முன்னாடி அந்த "இன்னோவேட்டிவ் கம்பெனி" விஷயத்தைப் பார்த்துடலாம். அதுல இருக்கிற செலவு டீலர் கொடுக்கிற கொட்டேஷன்ல வராது.

புதுமைக்குப் பேர் போன கம்பெனி, விலை குறைஞ்ச கார்

இந்தப் பேச்சு வந்தா டெஸ்லாவை விட்டுட்டுப் பேச முடியாது. 2006-லயே எலான் மஸ்க் அவங்க திட்டத்தைப் பொதுவுல எழுதிட்டார். முதல்ல விலை அதிகமான ஸ்போர்ட்ஸ் கார் விக்கணும், அந்தக் காசுல அதைவிட மலிவான கார் செய்யணும், அதுல வர்ற காசுல இன்னும் மலிவான கார். திட்டத்துல தப்பே இல்லை. 2008-ல ரோட்ஸ்டர், 2012-ல மாடல் எஸ், 2016 மார்ச் 31-ல மாடல் 3 அறிமுகம். ஆரம்ப விலை 35,000 டாலர்னு அறிவிச்சாங்க. 1,000 டாலர் கட்டி முன்பதிவு செய்யலாம்னு சொன்ன முதல் வாரத்துலயே 3 லட்சத்து 25 ஆயிரம் பேர் கட்டினாங்க. இந்தியாவுல இருந்தும் கட்டினவங்க உண்டு.

அந்த 35,000 டாலர் கார் எப்போ விற்பனைக்கு வந்துச்சு? டெலிவரி தொடங்கினது 2017 ஜூலை. ஆனா முதல்ல வந்ததெல்லாம் விலை கூடின மாடல்கள். சொன்ன விலைக்கான மாடல் வந்தது 2019 பிப்ரவரி கடைசியில. வந்த ரெண்டே மாசத்துல ஆன்லைன் மெனுவுல இருந்து அதை எடுத்துட்டாங்க. இந்தியாவுக்கு டெஸ்லா கடையே 2025 ஜூலையில மும்பையிலதான் திறந்தது. வந்தது மாடல் 3 இல்லை, மாடல் ஒய். எக்ஸ் ஷோரூம் 59.89 லட்சத்துல ஆரம்பம். இறக்குமதி வரியோட விளைவு அது, கம்பெனியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா 2016-ல 1,000 டாலர் கட்டின ஆளுக்கு காரணம் யாரா இருந்தா என்ன?

அதே மாடல் ஒய்யோட, தானா ஓட்டும் வசதின்னு ஒரு பேக்கேஜை 6 லட்சம் ரூபாய்க்குப் பட்டியல்ல போட்டாங்க. அறிமுகமான அன்னைக்கு இந்திய ரோட்டுல அந்த வசதியைப் பயன்படுத்த வழி இல்லை. பின்னாடி வரும்ங்கிற நம்பிக்கைக்கு 6 லட்சம்! நம்ம ஊர்ல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் அந்த விலைக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கும்.

டெஸ்லா நம்ம பட்ஜெட் இல்லைதான். ஆனா பேருக்குக் காசு கட்டுறதுன்னா என்னன்னு அது தெளிவாக் காட்டுது. நம்ம பட்ஜெட்டுக்கு நெருக்கமான சேதம் வேற இடத்துல இருக்கு.

விலை குறைஞ்சா யாருக்கு நஷ்டம்?

2023 ஜனவரியில டெஸ்லா அமெரிக்காவுல விலையைக் குறைச்சது. மாடல் ஒய் லாங் ரேஞ்ச் 65,990 டாலர்ல இருந்து 52,990. ஏறக்குறைய 20 சதவீதம். வாங்கப் போறவனுக்குத் தீபாவளி. டிசம்பர்ல வாங்கினவனுக்கு? அவன் வாசல்ல நிக்கிற கார் ஒரே ராத்திரியில 13,000 டாலர் இழந்துடுச்சு. கம்பெனி புது காரோட விலையைக் குறைச்சதும் பழைய காரோட விலை தானா இறங்கும். சீனாவுல பழைய ஓனர்கள் ஷோரூம் வாசல்ல போய் நின்னு சண்டையே போட்டாங்க.

தனி மனுஷன் மட்டும் இல்லை, கணக்குல புலிகளும் மாட்டினாங்க. வாடகைக் கார் கம்பெனி ஹெர்ட்ஸ் 2021 அக்டோபர்ல ஒரு லட்சம் டெஸ்லா வாங்கப் போறதா அறிவிச்சது. பங்கு விலை எகிறியது. 2024 ஜனவரியில 20,000 எலெக்ட்ரிக் கார்களை வித்துத் தள்ளப் போறோம்னு அறிவிச்சாங்க. அதுக்காகப் புத்தகத்துல எழுதின நஷ்டம் 24.5 கோடி டாலர். அடிபட்டா ரிப்பேர் செலவு அதிகம், மறுவிற்பனை விலை சரிஞ்சது, இந்த ரெண்டும்தான் விஷயம். ஃப்ளீட் வாங்குறதே தொழிலா வச்சிருக்கிறவங்களுக்கே தேய்மானக் கணக்கு தப்பிப் போச்சுன்னா, மாசச் சம்பளக்காரன் எம்மாத்திரம்?

இங்கேயும் நடந்துச்சு. டாடா நெக்ஸான் இ.வி.யோட புது வடிவம் 2023 செப்டம்பர்ல வந்தப்போ ஆரம்ப விலை 14.74 லட்சம். 2024 பிப்ரவரியில பேட்டரி செல் விலை குறைஞ்சதுன்னு சொல்லி 14.49 லட்சம் ஆக்கினாங்க. சில வேரியன்ட்டுக்கு 1.2 லட்சம் வரைக்கும் குறைப்பு. 2024 செப்டம்பர்ல பண்டிகைச் சலுகையா 12.49 லட்சம். ஒரே வருஷத்துல ஆரம்ப விலையில 2.25 லட்சம் காணோம். இதுல ஏமாத்து எதுவும் இல்லை. உள்ளே போற பொருள் மலிவாச்சு, விலையைக் குறைச்சாங்க. செய்ய வேண்டியதைத்தான் செஞ்சாங்க. ஆனா முதல் நாளே போய் வாங்கினவரோட இ.எம்.ஐ. குறையலையே.

சீனாவுல பி.ஒய்.டி. 2025 மே மாசம் 22 மாடல்களுக்கு விலை குறைச்சது, 34 சதவீதம் வரைக்கும். 1995-ல பேட்டரி செய்ய ஆரம்பிச்ச கம்பெனி அது. 2011-ல ஒரு டி.வி. பேட்டியில அந்தப் பேரைக் கேட்டதும் மஸ்க் சிரிச்சார். 2025-ல முழு எலெக்ட்ரிக் கார் விற்பனையில பி.ஒய்.டி. டெஸ்லாவைத் தாண்டிடுச்சு. புதுமைன்னா மேடையில திரை விலக்கிக் காட்டுறதுன்னு நாம நினைக்கிறோம். இங்கே ஜெயிச்சது ஒரு யூனிட் பேட்டரியை எவ்வளவு மலிவா செய்யலாம்ங்கிற அலுப்பான வேலை. அதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க.

அந்த அலுப்பான வேலையோட பலன் பெருசு. புளூம்பெர்க் நெஃப் வருஷா வருஷம் எடுக்கிற கணக்குல, ஒரு கிலோவாட் அவர் பேட்டரி பேக் 2010-ல 1,000 டாலருக்கு மேல, 2024-ல 115 டாலர். காரோட மொத்தச் செலவுல பேட்டரிதான் பெரிய பங்கு. அது இப்படி இறங்கிக்கிட்டே இருந்தா, இன்னைக்கு நீங்க வாங்குற இ.வி. நாலஞ்சு வருஷம் கழிச்சு எதோட போட்டி போடும்? அதே விலைக்கு அதிக ரேஞ்சும் வேகமான சார்ஜிங்கும் உள்ள புது காரோட. பெட்ரோல் கார்ல இந்த வேகம் இல்லை. 2019 மாடலையும் 2024 மாடலையும் பக்கத்துல நிறுத்தினா மைலேஜ்ல பெரிய வித்தியாசம் இருக்காது.

அதனால புதுமை வேகமா நடக்கிற கம்பெனியோட காரை வாங்கினா அந்தப் புதுமைக்கு ரெண்டு தடவை காசு கட்டுவீங்க. வாங்கும்போது ஒரு தடவை, விக்கும்போது ஒரு தடவை. ரெண்டாவது பில் எந்தக் கொட்டேஷன்லயும் வராது.

இப்போ கணக்கு

நம்ம நண்பர் பார்த்த காரோட பெட்ரோல் மாடல் ஆன்ரோடு 12 லட்சம், இ.வி. 15 லட்சம்னு வச்சுக்கலாம். உங்க டீலர் கொடுக்கிற தொகையை அந்த இடத்துல போட்டுக்கோங்க. வித்தியாசம் 3 லட்சம். இந்த 3 லட்சத்தை நம்ம சேமிப்பு திருப்பிக் கொடுக்குமாங்கிறதுதான் முழுக் கேள்வியும்.

3 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில அஞ்சு வருஷ லோன்னா இ.எம்.ஐ. 6,227 ரூபாய். அதாவது இ.வி. எடுத்த ஒரே காரணத்துக்காக மாசம் 6,227 அதிகமாக் கட்டுறீங்க.

இனி சேமிப்பு. பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய், சிட்டியில 14 கிலோமீட்டர் கொடுக்குதுன்னா கிலோமீட்டருக்கு 7.20. இ.வி.க்கு 100 கிலோமீட்டருக்கு சுமார் 15 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாகிறதையும் சேர்த்து.

இங்கேதான் தமிழ்நாட்டுல எல்லாரும் தப்பு பண்றாங்க. "யூனிட் மூணு ரூபாய்தானே, கிலோமீட்டருக்கு 50 பைசா" என்பார்கள். கரன்ட் பில்லை எடுத்துப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 சலுகை விலை. கார் குடிக்கிற கரன்ட் இந்த ரெண்டுலயும் சேராது, ஏற்கெனவே ஓடுற ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏ.சி.க்கு மேல போய் உட்காரும். ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா அந்த 101-ல இருந்து 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் போயிடும். அதுக்கு மேல யூனிட் 8 ரூபாயில தொடங்கி 11 ரூபாயைத் தாண்டும். ரெண்டு மாசத்துக்கு 350 யூனிட் ஓடுற வீட்டுல, மாசம் 1,000 கிலோமீட்டர் ஓடுற இ.வி. 300 யூனிட் கூட்டினா, பில் 2,400 ரூபாய்க்கு மேல கூடும். காருக்கு விழுற விலை யூனிட்டுக்கு சராசரி 8 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.20. பெட்ரோலோட ஒப்பிட்டா இதுவும் ரொம்பக் கம்மிதான். ஆனா 50 பைசா இல்லை.

வெளியில ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டா கதை வேற. ஜி.எஸ்.டி. சேர்த்து யூனிட் 20 ரூபாயைத் தாண்டுறது சகஜம். 22 ரூபாய்னு வச்சா கிலோமீட்டருக்கு 3.30.

முக்கால்வாசி வீட்டுல, கொஞ்சம் வெளியிலன்னு கலந்து ஓட்டினா கிலோமீட்டருக்கு 5.50 மிச்சம்னு வைக்கலாம். சர்வீஸ் செலவு இ.வி.க்குக் குறைவு. இன்ஷூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு 15 சதவீதம் தள்ளுபடி இருந்தாலும், காரோட மதிப்பு அதிகங்கிறதால ஓன் டேமேஜ் பிரீமியம் கூடும். சர்வீஸும் இன்ஷூரன்ஸும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போகும்னு விட்டுடறேன்.

6,227-ஐ 5.50-ஆல வகுத்தா 1,132. மாசம் சுமார் 1,130 கிலோமீட்டர் ஓடினாத்தான் கூடுதல் இ.எம்.ஐ.யும் பெட்ரோல் மிச்சமும் சமம். அதுக்குக் கீழே ஓட்டினா கைக்காசு போகும், மேலே ஓட்டினா மிச்சம். மாசம் 1,500 ஓட்டினா 2,000 ரூபாய் லாபம். 500 ஓட்டினா மாசம் கிட்டத்தட்ட 3,500 நஷ்டம், அஞ்சு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல.

நம்ம நண்பர் நிலைமை இன்னும் மோசம். அவர் இருக்கிறது வாடகை வீட்டு ரெண்டாவது மாடி. பார்க்கிங்ல ப்ளக் பாயின்ட் போட ஹவுஸ் ஓனர் ஒத்துக்கலை. எல்லா சார்ஜும் வெளியிலதான். அப்போ மிச்சம் கிலோமீட்டருக்கு 3.90 தான், சமமாக மாசம் 1,600 கிலோமீட்டர் ஓடணும். அவர் ஓட்டப் போறது 500.

மேலே போட்ட கணக்குல மறுவிற்பனை விலையை நான் சொல்லலை, ஆனா அது உள்ளே இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு 12 லட்ச பெட்ரோல் கார் பாதி விலைக்கு, 6 லட்சத்துக்குப் போகும்னு வைங்க. 15 லட்ச இ.வி. 40 சதவீதத்துக்குப் போனா அதுவும் 6 லட்சம். அந்தக் கூடுதல் 3 லட்சம் முழுசா கரைஞ்சிடும்னு எடுத்துக்கிட்டுத்தான் 1,130 கிலோமீட்டர் வந்தது. இ.வி. 30 சதவீதத்துக்கு இறங்கினா? 4.5 லட்சம்தான் கிடைக்கும். இன்னும் ஒன்றரை லட்சம் நஷ்டம், மாசத்துக்கு 2,500. சமநிலைப் புள்ளி 1,130-ல இருந்து 1,590 கிலோமீட்டருக்குத் தாவிடும்.

மறுவிற்பனை விலையில 10 சதவீதம் மாறினா மாசம் 450 கிலோமீட்டர் வித்தியாசம். பெட்ரோல் விலை என்ன, கரன்ட் சார்ஜ் என்னன்னு எல்லாரும் விவாதிக்கிறாங்க. அதையெல்லாம் விடப் பெரிய எண் இதுதான். இதைத் தீர்மானிக்கிறது கம்பெனி அடுத்து என்ன மாடல் விடும், என்ன விலை குறைக்கும்ங்கிறது. அதாவது, எந்தப் புதுமைக்காக நீங்க ஆசைப்பட்டீங்களோ அதே புதுமை.

வரியைப் பத்தி டீலர் சொல்றது

"இ.வி. லோன் வட்டிக்கு 1.5 லட்சம் டேக்ஸ்ல கழிச்சுக்கலாம் சார்." இதை இன்னும் ஷோரூம்ல சொல்றாங்கன்னு நம்ம நண்பர் மூலமாத்தான் தெரிஞ்சது. அது 80இஇபி பிரிவு. 2019 ஏப்ரல் 1-ல இருந்து 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான் அது. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். அப்போ லோன் வாங்கி இன்னும் கட்டிக்கிட்டு இருக்கிறவங்க விடாதீங்க. இன்னைக்கு லோன் போடுறவங்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கழிவு கிடையாது. நண்பர் வருஷம் 30,000 ரூபாய் வரி மிச்சமாகும்னு எக்ஸெல்ல போட்டு வச்சிருந்தார். அந்த வரியையே அழிச்சோம்.

மத்திய அரசோட ஃபேம் 2 மானியம் தனிநபர் காருக்குக் கிடைக்கலை, இப்போ இருக்கிற பி.எம். இ-டிரைவ்லயும் அது இல்லை. ஜி.எஸ்.டி. இ.வி.க்கு 5 சதவீதம், 2019 ஆகஸ்ட்ல இருந்து மாறலை. மாறினது பெட்ரோல் பக்கம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 1,200 சி.சி.க்குள்ள, நாலு மீட்டருக்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆச்சு. 10 லட்ச ரூபாய் எக்ஸ் ஷோரூம் காருக்கு ஏறக்குறைய 85,000 ரூபாய் இறக்கம். இ.வி.க்கும் பெட்ரோலுக்கும் நடுவுல இருந்த பள்ளம் அந்த அளவுக்கு ஆழமாச்சு. அதுக்கு முன்னாடி வந்த ஒப்பீட்டு வீடியோக்களை, என்னோடதையும் சேர்த்துத்தான் சொல்றேன், இப்போ அப்படியே நம்பாதீங்க. தமிழ்நாட்டுல சாலை வரி விலக்கு அரசாணை மூலமா நாள் குறிச்சு வருது. உங்க ரெஜிஸ்ட்ரேஷன் தேதியில அது நடப்புல இருக்கான்னு பார்த்துக்கோங்க.

ஆபீஸ் மூலமா கார் லீஸ் எடுக்கிறது பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. அது தனிக் கணக்கு, தனிப் பதிவா எழுதறேன்.

பேட்டரி வாடகைத் திட்டம்

2024 செப்டம்பர்ல எம்.ஜி. விண்ட்ஸர் வந்தப்போ ரெண்டு விலை சொன்னாங்க. பேட்டரியோட 13.50 லட்சம். பேட்டரி இல்லாம 9.99 லட்சம், கூட கிலோமீட்டருக்கு 3.50 வாடகை. "பத்து லட்சத்துக்கு இ.வி." என்று ஊரெல்லாம் பேச்சு. இதை யோசிச்சவங்க நிஜமாவே புத்திசாலிங்க. ஆனா 3.51 லட்சத்தை 3.50-ஆல வகுங்க: ஒரு லட்சம் கிலோமீட்டர். அதுக்கு மேல ஓட்டினா, வட்டியை விட்டுட்டுப் பார்த்தா, பேட்டரியோட வாங்கினதை விட அதிகமாக் கட்டியிருப்பீங்க. அதுக்குள்ள நிறுத்தினா லாபம் மாதிரி தெரியும், ஆனா இது ஒரு லோன் மாதிரி ஒப்பந்தம்தான்: மாசம் குறைஞ்சபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆகணுமா, காரை வித்தா பேட்டரி ஒப்பந்தம் யார் பேர்ல போகும், இந்த ரெண்டையும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. குறைவா ஓட்டுறவங்களுக்கு ஏத்ததுன்னு தோணும், குறைஞ்சபட்சக் கட்டணம் இருந்தா அவங்கதான் முதல்ல மாட்டுவாங்க.

யாருக்கு ஓகே?

இதைப் படிச்சுட்டு சி.ஏ. இ.வி.க்கு எதிரின்னு முடிவு பண்ணிடாதீங்க. இன்னொரு நண்பர், ஆவடியில சொந்த வீடு, ஸ்ரீபெரும்புதூர்ல ஃபேக்டரி வேலை. போக வர 60 கிலோமீட்டர், மாசம் 24 நாள், அதோட சொந்த வேலைகள் சேர்த்து 1,600. வீட்டு போர்ட்டிகோவுல 15 ஆம்பியர் சாக்கெட் இருக்கு, ராத்திரி செருகினா காலையில ரெடி. மேல் ஸ்லாப் கரன்ட் சார்ஜைப் போட்டாலும் அவருக்குக் கிலோமீட்டருக்கு 5.90 மிச்சம், மாசம் 9,400. கூடுதல் இ.எம்.ஐ. 6,227 போக 3,200 கையில நிக்கும். அஞ்சு வருஷத்துல 1.9 லட்சம். மறுவிற்பனை 30 சதவீதத்துக்குச் சரிஞ்சாலும் 40,000 மிச்சம். அவர் அஞ்சு வருஷத்துல விக்கவும் போறதில்லை. எட்டு வருஷம் ஓட்டினா 1,53,600 கிலோமீட்டர். பெரும்பாலான கார்களுக்குக் கொடுக்கிற எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் பேட்டரி வாரன்ட்டிக்குள்ள அது அடங்கிடும். வண்டியை ஓட்டித் தேய்ச்சுடுற ஆளுக்கு மறுவிற்பனை விலை எவ்வளவு விழுந்தா என்ன? அடுத்த மாடல் எவ்வளவு நல்லா இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

கம்பெனி பேரைப் பார்க்கவே கூடாதான்னு கேட்டா, பாருங்க, ஆனா வேற இடத்துல பாருங்க. உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கா, இ.வி.க்குப் பயிற்சி எடுத்த மெக்கானிக் இருக்காரா, ஒரு பம்பர் மாத்த எத்தனை நாள் ஆகுது? சில மாடல்களுக்கு இப்போ லைஃப்டைம் பேட்டரி வாரன்ட்டின்னு விளம்பரம் வருது. அது முதல் ஓனருக்கு மட்டுமா, ரெண்டாவது ஓனருக்குப் போனா என்ன ஆகும்? உங்ககிட்ட வாங்கப் போறவர் இதைத்தான் முதல்ல கேட்பார்.

நண்பரோட லோன்

கடைசியா நம்ம நண்பரோட ஏழு வருஷ லோனுக்கு வர்றேன். 12 லட்சம், 9 சதவீதம், 84 மாசம். இ.எம்.ஐ. 19,307. இன்ஷூரன்ஸுக்கு மாசம் 3,500 ஒதுக்கணும், சார்ஜிங் 1,650. மொத்தம் 24,400-க்கு மேல. 78,000-ல 31 சதவீதம், வாரத்துல ரெண்டு நாள் ஓடுற காருக்கு. கார் செலவு எல்லாம் சேர்த்துக் கைக்கு வர்ற சம்பளத்துல 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு நான் சொல்லுவேன். அது சட்டம் இல்லை, தாண்டினவங்களோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை நிறையப் பார்த்ததால வந்த பழக்கம்.

அவருக்கு உறைச்சது இ.எம்.ஐ. இல்லை. "பிடிக்கலைன்னா மூணு வருஷத்துல வித்துடுவேன் சார்" என்றார். மூணு வருஷம் முடியும்போது பாக்கி எவ்வளவு இருக்கும்னு காட்டினேன்: 7.76 லட்சம். கார் பாதி விலைக்குப் போனா 7.5 லட்சம். காரைக் கொடுத்துட்டு, கையில இருந்தும் பேங்குக்குக் கட்டணும். நடுவுல கம்பெனி ஒரு தடவை விலை குறைச்சா அந்த 7.5-ம் கிடைக்காது. ஃபோன்ல கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த 3 லட்சத்தை அம்மாகிட்ட என்னன்னு சொல்லிக் கேட்கிறதுன்னு ரெண்டு வாரமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன் சார்" என்றார்.

புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டார். 21,000 திரும்பி வர கொஞ்ச நாள் இழுத்தாங்க, ஆனா வந்துடுச்சு. அடுத்த வருஷம் அவர் டீமை ஒரகடம் பக்கம் மாத்தலாம்னு ஆபீஸ்ல பேச்சு ஓடுதாம். அப்படி நடந்து, ப்ளக் பாயின்ட் உள்ள வீடும் கிடைச்சா, இதே ஷீட்டைத் திறந்து கிலோமீட்டரை மட்டும் மாத்திப் பார்ப்போம்னு சொல்லியிருக்கேன். இப்போதைக்கு அவர் தங்கச்சி கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டப் போனது ஸ்கூட்டர்லதான்.